நான் நிரப்பிக் கொடுத்த பாட்டில்

1954-ஆம் வருஷம், ஐப்பசி மாதம். ராயபுரம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில், காலை ஏழரை மணிக்கு என்னை ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். இந்தக் கதையை நான் நூறு பேரிடமாவது சொல்லியிருப்பேன். கேட்டவர்கள் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள். சிரிப்பு முடிகிற இடம் எனக்குத் தெரியும், அங்கேயே நிறுத்திவிடுவேன். அதற்கு அப்புறம் நடந்ததை நாலு வருஷம் கழித்து இப்போதுதான் முழுசாக எழுதுகிறேன்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலில் வந்து இறங்கும் அரிசி, கோதுமை மூட்டைகளில் குத்தூசியைச் செருகி, ஒரு பிடி தானியத்தை உருவி, சின்னத் துணிப்பையில் போட்டு, மூட்டை நம்பர் எழுதிய சீட்டைக் கட்டி அனுப்ப வேண்டும். அந்த ஒரு பிடியைப் பார்த்துத்தான் மொத்தச் சரக்கும் நல்லதா புழுத்ததா என்று மேலே இருப்பவர்கள் முடிவு செய்வார்கள். பெரிய பொறுப்புதான். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிறகு பழகிவிட்டது. ஒரு பை அவிழ்ந்து கொட்டிவிட்டால், அந்த மூட்டையைத் தேடி அடுக்கின் உச்சிக்கு எவன் ஏறுவது? கைக்கு எட்டிய மூட்டையில் ஒரு குத்து, பழைய சீட்டையே கட்டு, அனுப்பு. "அல்லாம் ஒரே கப்பல்ல வந்த சரக்குதானே மாமு" என்பது எங்கள் ஷெட்டின் வேதம்.

அடுத்து என் மனைவி. பருத்த உடம்புக்காரி. எங்களுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் குழந்தை இல்லை. அவளுக்கு மாதவிலக்கு ஒழுங்காக வராது. மூன்று மாதம், நாலு மாதம் என்று தள்ளிப்போகும். ஆரம்பத்தில் ஒவ்வொரு தடவையும் ஆசையாக நாள் எண்ணிக்கொண்டிருந்தோம். ஏமாந்து ஏமாந்து எண்ணுவதையே விட்டுவிட்டோம். அதனால் அந்த வருஷம் மாசியிலிருந்து வரவில்லை என்றபோது இரண்டு பேருமே அதைச் சட்டை செய்யவில்லை. அவள் இன்னும் கொஞ்சம் பெருத்தாள். நான் வாய் சும்மா இருக்காதவன். "கதவோட ரெண்டாவது பலகையையும் தொறந்து வெக்கட்டா?" என்பேன். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. "தொற. மொதல்ல உன் வாயி வெளிய போவட்டும்" என்பாள்.

ஆடி மாதம் ஒருநாள், வழக்கமாக வரும் மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு இவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாமே, புள்ள உண்டாயி கீறியா?"

"அட நீ வேற, இது சோறு" என்று இவள் சிரித்தாள்.

"சோறு இப்புடி குந்தாது" என்றாள் மீன்காரம்மா. அப்படியே சங்கரா மீனை நிறுக்க ஆரம்பித்துவிட்டாள்.

அப்போது ஐந்தாவது மாதம். பன்னிரண்டு வருஷம் காத்திருந்த பிள்ளை ஐந்து மாதமாக வீட்டிலேயே இருந்திருக்கிறது. நான் அதைக் கேலி செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

பிரசவ ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் பார்த்தார். சிறுநீரைச் சோதித்துவிட்டு, கொஞ்சம் சர்க்கரை போகிறது என்றார். பயம் வந்தால் எனக்கு ஜோக் வரும், அது ஒரு வியாதி. "இனிமே காப்பிக்குத் தனியா சர்க்கரை வாங்க வேணாமா டாக்டரம்மா?" என்று கேட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை. சோற்றைக் குறைக்க வேண்டும், இனிப்பைத் தொடக்கூடாது, வாரா வாரம் காலையில் முதலில் போகும் சிறுநீரைச் சுத்தமான பாட்டிலில் எட்டு மணிக்குள் கொண்டுவர வேண்டும், சர்க்கரை ஏறினால் ஊசி ஆரம்பிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

அதைப் பின்பற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் தெருவில் இருந்தால்தான் புரியும். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டுக்கு அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து முறைபோட்டுப் பலகாரம் வரும். ஒரு வீட்டில் அதிரசம் என்றால் அடுத்த வீட்டில் பால்கொழுக்கட்டை. எதிர்வீட்டு பாயம்மா செய்யும் வட்டிலப்பம், முட்டையும் தேங்காய்ப் பாலும் வெல்லமும் சேர்ந்து குலுங்கும். இவள் ஒவ்வொரு கிண்ணத்தையும் வாங்கி மோந்து பார்ப்பாள், என்னிடம் நீட்டிவிடுவாள். கர்ப்பம் அவளுக்கு, வளர்ந்த வயிறு எனக்கு. அவள் அரை வயிறு கேழ்வரகுக் களியும் கீரையுமாக இரண்டரை மாதம் ஓட்டினாள். நீல மருந்தோடு கலந்து காய்ச்சும் பரிசோதனைக் குழாயில் மஞ்சளாக இருந்தது பச்சைக்கு வந்தது. நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை என்று அர்த்தம். நீலத்துக்காக நாங்கள் தவம் கிடந்தோம்.

இப்போது ரயில்வே கேட்டுக்கு வரலாம்.

அது எட்டாவது மாதம். விடியற்காலையில் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. சைக்கிள் ஹேண்டில் பாரில் பையை மாட்டி, பைக்குள் நியூஸ் பேப்பரில் சுற்றிய பாட்டிலோடு போய்க்கொண்டிருந்தேன். கேட் சாத்தியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று முன்னால் போவதும் பின்னால் வருவதுமாக விளையாடிக்கொண்டிருந்தது. மதுவிலக்குக் காலம் அது. பேப்பர் சுற்றிய பாட்டிலோடு திருதிருவென்று விழிக்கிற ஒருவனைப் பார்த்தால் எந்தப் போலீஸ்காரருக்கும் கை துறுதுறுக்கத்தானே செய்யும்?

"பையில இன்னாய்யா பாட்டிலு?"

"அத்த வுடுங்க சார். கேக்காதீங்க."

கேட்காதே என்றால் விடுவாரா? "டிஞ்சரா? சுண்டக்கஞ்சியா?"

"மூத்திரம் சார்."

"எவனுக்குக் காது குத்தற? தொறய்யா."

"நான் தொறக்க மாட்டேன் சார். நீங்களே தொறந்து பாருங்க" என்றேன், மிகுந்த பணிவோடு. அந்தப் பணிவில் இருந்த விஷமம் என்னுடைய சொந்தச் சரக்கு.

அவர் தக்கையைப் பிடுங்கி, மூக்கை நேராக பாட்டில் வாயில் வைத்து, சர்க்கார் உத்தியோகத்துக்கே உரிய முழு மூச்சாக ஒன்று இழுத்தார். அந்த முகம் போன போக்கை எழுத எனக்குத் திறமை போதாது. பாட்டில் கையிலிருந்து நழுவிச் சேற்றில் விழுந்து உருண்டது. கேட்டுக்குக் காத்திருந்த கூட்டம் முழுவதும் கைதட்டிச் சிரித்தது. கூடையோடு நின்ற ஒரு பெண், "ருசி பாத்துட்டு கேஸ் எயுதுங்க சார்!" என்று குரல் கொடுத்தாள். "போய்யா! நிக்காத, போய்யா!" என்று அவர் என்னைத் துரத்தினார். ராஜா மாதிரி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நகர்ந்தேன்.

இதுதான் நான் சொல்லிவந்த கதை. இனிமேல் சொல்லாத பங்கு.

பாட்டில் உடையவில்லை, ஆனால் உள்ளே சொட்டு இல்லை. மணி ஏழே முக்கால். வீட்டுக்குத் திரும்பினால் அவள் எப்போதோ இரண்டாம் தடவையும் போய்விட்டு அடுப்பு மூட்டியிருப்பாள். காலி பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்த டாக்டர் என்ன சொல்வாரோ என்ற பயம். நியாயமாக, அங்கே போய் நடந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். இன்னொரு நாள் கொண்டு வா என்றிருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் பதினாலு வருஷமாகக் குத்தூசி பிடித்த கைக்கு அது தோன்றவில்லை. தெருக்குழாயில் பாட்டிலைக் கழுவினேன். ஒரு கிடங்குச் சுவரின் பின்னால் ஒதுங்கினேன். கைக்கு எட்டிய மூட்டையில் ஒரு குத்து. அதே சீட்டு. கணவனும் மனைவியும் ஒரே கப்பலில் வந்த சரக்குதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த ஜோக் வேறு எனக்கு மிகவும் பிடித்துப்போய், ஆஸ்பத்திரி வாசல்வரை சிரித்துக்கொண்டே போனேன்.

அன்று சாயங்காலம் போலீஸ்காரர் கதையை அவளிடம் நடித்தே காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அப்பறம் ஆஸ்பத்திரில இன்னா குட்த்த?" என்று கேட்டாள். "பாதி மிச்சம் இருந்துச்சி" என்றேன். அவளிடம் நான் சொன்ன பெரிய பொய் அந்த மூன்று வார்த்தைதான்.

இரண்டு நாள் கழித்து அவளைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். அட்டையில் நீலம் என்று எழுதியிருந்தது. டாக்டருக்கே முகம் மலர்ந்தது. "நல்லா கட்டுப்பாடா இருந்திருக்கே. இப்போதைக்கு ஊசி வேண்டாம். சோறு கொஞ்சம் கூட்டிக்கலாம். இரண்டு வாரம் கழித்து வந்தால் போதும்" என்றார். இவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். அப்போதாவது வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அவளுடைய சந்தோஷத்தை எப்படிக் கெடுப்பது என்று நினைத்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல. எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த வாரம் ஒன்பதாவது மாதம் பிறந்ததும் அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்து வளைகாப்பு நடத்தினார்கள். கலந்த சாதம் ஐந்து வகை, அதில் சர்க்கரைப் பொங்கல் ஒரு தவலை. பாயம்மா, "இத்தினி நாளா என் கிண்ணத்த மோந்து பாத்துட்டுத்தானே தங்கச்சி உட்ட, இன்னிக்கி ஒரு வாயி" என்று வட்டிலப்பத்தை ஊட்டினாள். இவள் கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். நான் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, நீலம் நீலம் என்று மந்திரம் போலச் சொல்லிக்கொண்டிருந்தேன். யாருடைய நீலம் என்பது எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

அதன் பிறகு அவளுக்குத் தாகம் ஆரம்பித்தது. ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்துவிட்டு அடுத்த சொம்புக்குக் கை நீட்டுவாள். "ராயபுரம் கொழாயில தண்ணி வரலன்னா கார்ப்பரேஷன்காரன் நம்ம வூட்டத்தான் கேப்பான்" என்றேன். அவள் சிரித்தாள், எனக்கு நெஞ்சுக்குள் ஒரு மணி அடித்தது. நாளைக்குப் போய்ச் சொல்லிவிடலாம், நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு வாரத்துக்கு மேல் ஓட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு வயிற்றைத் தடவினாள்.

"இந்தாய்யா, நேத்து சாயங்காலத்துலேந்து ஒதைக்கல."

அடுத்த கால் மணி நேரத்தில் நான் செய்த காரியங்களை ஒரு தனிப் புத்தகமாகப் போடலாம். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். ஒரு காலில் என் செருப்பு, ஒரு காலில் அவளுடையது. தெருமுனைக்கு ஓடி ஒரு ஜட்கா வண்டியைப் பிடித்து, ஏறி உட்கார்ந்து, "ஆஸ்பத்திரிக்கு வுடு, சீக்கிரம், சீக்கிரம்" என்று கத்தினேன். வண்டி கல்மண்டபம் வரை வந்துவிட்டது. வண்டிக்காரர் திரும்பி, "ஆருக்கு நைனா ஒடம்பு செரியில்ல?" என்று கேட்டார். அப்போதுதான் என் மனைவி வீட்டில் இருப்பது ஞாபகம் வந்தது.

திரும்பப் போனபோது அவள் வாசற்படியில், மாற்றுப் புடவை வைத்த பையோடு தயாராக உட்கார்ந்திருந்தாள். "நீ புள்ள பெத்துக்கினு வந்துட்டியோன்னு பாத்தேன்" என்றாள். ஏறும்போது வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. வண்டிக்காரர் எதுவும் சொல்லாமல் இறங்கி, முழங்காலை முட்டுக்கொடுத்து வண்டியைத் தாங்கிக்கொண்டார். எந்த வண்டியில் ஏறினாலும் யாராவது ஏதாவது சொல்லிவைப்பார்கள். அன்று யாரும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

டாக்டர் மரக்குழாயை வயிற்றில் வைத்து வெகுநேரம் கேட்டார். இதயம் துடிக்கிறது என்றார். பிறகு சிறுநீரை வாங்கி எங்கள் கண்ணெதிரிலேயே சோதிக்கச் சொன்னார். கம்பவுண்டர் நீலத் திரவத்தில் எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கின் மேல் பிடித்தார். நீலம் பச்சையாயிற்று. பச்சை மஞ்சளாயிற்று. மஞ்சள் கலங்கி, அடியிலிருந்து செங்கல் நிறம் ஏறிவந்து குழாய் முழுவதும் நிறைந்தது.

"இரண்டு வாரம் முன்னாடி நீலம்! என்னம்மா சாப்பிட்டே? யார் சாப்பிடச் சொன்னது?" டாக்டரின் குரல் உயர்ந்தது.

என் மனைவி அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. கல்யாண வீடுகளில் அவள் முதுகுக்குப் பின்னால் சிரித்தவர்களையும், மலடி என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர்களையும் வாயாலேயே ஜெயித்துவிடுவாள். அன்று சின்னக் குழந்தை மாதிரி ஒவ்வொன்றாக ஒப்புவித்தாள். "பொங்கலு துன்னேன். வட்டிலப்பம் துன்னேன். சோறு ரெண்டு தபா போட்டுக்கினேன். இந்தப் பாழாப் போன ஒடம்பு டாக்டரம்மா. பன்னண்டு வருசம் கயிச்சி வந்தத நானே துன்னு தீத்துட்டேன்."

அறையில் ஓர் ஆயா, கம்பவுண்டர், டாக்டர், நான். யாரும் என்னைப் பார்க்கவில்லை. என்னைச் சந்தேகப்பட யாருக்கும் காரணமே இல்லை. குற்றவாளி தானாக முன்வந்து, தன் உடம்பைச் சாட்சியாகக் காட்டி, குற்றத்தை ஒப்புக்கொண்டாகிவிட்டது. இதுவரை உலகத்தில் எல்லோரும் அந்த உடம்பைத்தான் குற்றம் சொன்னார்கள். நான் பேசாமல் நின்றாலே போதும்.

எப்படியோ வாய் திறந்துவிட்டது. திறந்த வாய்க்கு வேறு வழி தெரியாததால், பழக்க தோஷத்தில் போலீஸ்காரரிலிருந்து ஆரம்பித்தேன். அவர் மோந்து பார்த்த இடத்தில் ஆயா களுக்கென்று சிரித்துவிட்டு, மற்றவர்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். யாரும் சிரிக்காத இடத்தில் அந்தக் கதை எவ்வளவு நீளம் தெரியுமா? கிடங்குச் சுவர்வரை வந்து சேர்வதற்குள் என் நாக்கு உலர்ந்துவிட்டது.

"அப்போ அந்த நீலம் உன்னுடையது" என்றார் டாக்டர்.

"ஆமாங்க."

அவர் என்னைத் திட்டவில்லை. அட்டையை எடுத்து அந்த வரியின் மேல் ஒரு கோடு கிழித்தார். பிறகு எனக்கு முதுகைக் காட்டியபடி நாற்காலியை இழுத்துப் போட்டு, என் மனைவிக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"இதோ பாரம்மா. ஊசி போட்டிருக்க வேண்டிய நேரத்தில் போடவில்லை. அது உன் தப்பு இல்லை. பிள்ளை உண்டானால் எந்தப் பெண் உடம்பும் கொழுப்பைச் சேர்த்து வைக்கும், பிறகு பால் கொடுக்கணுமே. ஏற்கெனவே கொழுப்பு இருக்கிற உடம்பிலும் சேர்க்கும். நஞ்சுக்கொடியிலிருந்து ஹார்மோன் என்று சில நீர் ஊறி ரத்தத்தில் கலக்கும். தாய் உடம்பே சர்க்கரையை எல்லாம் இழுத்துக்கொண்டுவிடாமல், பிள்ளைக்கும் விட்டுவை என்று அது தடுக்கும். ஒல்லியான உடம்பு எப்படியோ சமாளித்துவிடும். உன்னை மாதிரிப் பருத்த உடம்புக்கு முன்பே பளு அதிகம், அதனால் சர்க்கரை மிஞ்சிவிடுகிறது. நீ ஆசைப்பட்டு ஒரு வாய் தின்றதால் மட்டும் வந்ததில்லை இது. உன் உடம்பு பிள்ளைக்காகத்தான் பாடுபடுகிறது. அதைத் திட்டாதே."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"பாதி மிச்சம் இருந்துச்சின்னு சொன்னியே" என்றாள்.

அவ்வளவுதான். இதைவிட அவள் என்னை விளக்குமாற்றால் அடித்திருக்கலாம்.

அன்றே வார்டில் சேர்த்துக்கொண்டு இன்சுலின் ஊசி ஆரம்பித்தார்கள். மறுநாள் சாயங்காலம் பிள்ளை அசைந்தது என்று ஆயா மூலமாகத்தான் எனக்குத் தெரிந்தது. ஏனென்றால் என் மனைவி என்னோடு பேசவில்லை. நான் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றாலும், "அந்தாள கேளு ஆயா, வூட்ட பூட்டிக்கினு வந்தாரா?" என்பாள். ஆயா என்னைக் கேட்பாள். நான் ஆயாவிடம் பதில் சொல்வேன். நாலாம் நாள் ஆயா, "இந்தப் பேஜாரு எனக்கு வாணாம், நீங்களே பேசிக்குங்க" என்று எழுந்து போய்விட்டாள். பிறகு அவள், "இன்னா துன்ன?" என்று கேட்டாள். பதில் சொல்ல ஆரம்பித்தவன் பாதியில் அழுதுவிட்டேன். முப்பத்தெட்டு வயது ஆம்பிளை, பிரசவ வார்டில், பத்துப் பதினைந்து பெண்கள் பார்க்க. நல்ல வேடிக்கையாக இருந்திருக்கும்.

மார்கழி பிறப்பதற்கு முன்பே வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தார்கள். பெண். ஒன்பதரை பவுண்டு. பார்ப்பதற்குப் பெரிய குழந்தை. ஆனால் துவண்டு கிடந்தது, அழக்கூட இல்லை. தாயிடமிருந்து வந்துகொண்டிருந்த சர்க்கரை திடீரென்று நின்றுபோனதால் இப்போது இதற்குச் சர்க்கரை குறைந்துவிட்டது என்றார்கள். எந்தச் சர்க்கரைக்கு நாலு மாதம் பயந்தோமோ, அதையே குளுக்கோஸ் தண்ணீராக இங்க் ஃபில்லரில் சொட்டுச் சொட்டாக ஊட்டினார்கள். இரண்டு பகல், இரண்டு இரவு. மூன்றாம் நாள் காலையில் வார்டே அதிரும்படி ஒரு சத்தம் போட்டது. வாய் அப்பனைக் கொண்டு பிறந்திருக்கிறது என்று ஆயா சொன்னாள்.

நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் அதன் ஹார்மோனும் போய்விடும் என்று டாக்டர் சொன்னது பலித்தது. பத்து நாளில் என் மனைவியின் சோதனைக் குழாய் நீலமாகவே நின்றது. பிற்காலத்தில் இந்தச் சர்க்கரை திரும்பி வரலாம், வருஷா வருஷம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எச்சரித்துத்தான் அனுப்பினார். அவள் உடம்பு ஒன்றும் இளைத்துவிடவில்லை. அந்த உடம்பைப் பற்றி நான் ஜோக் சொல்வதில்லை. மற்ற எல்லாவற்றையும் பற்றிச் சொல்கிறேன், அவளும் திருப்பிக் கொடுக்கிறாள்.

குழந்தைக்கு இப்போது நாலு வயது. அதைப் பார்க்கும்போதெல்லாம், பிழைத்ததே என்ற நிம்மதியோடு இன்னொரு பயமும் எனக்கு வருகிறது. அன்று நான் பேசாமல் இருந்திருந்தாலும் அதே ஊசியைப் போட்டிருப்பார்கள், அநேகமாக இரண்டு பேரும் பிழைத்திருப்பார்கள், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் என் மனைவி, பெற்ற பிள்ளையைத் தன் உடம்பே கொல்லப் பார்த்தது என்று நம்பிக்கொண்டு, தினமும் என் எதிரிலேயே உட்கார்ந்து, எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்திருப்பாள்.